‘புரியவில்லை’ என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் இப்பகுதியில் வெளியான வாசகர் ஒருவரின் கடிதத்தைப் படித்தேன். குடும்பத்தோடு ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனதாகவும், அங்கே வைத்திருந்த தற்காலக் கலைப்படைப்புகளில் ஒன்றுகூடப் புரியவில்லை என்றும், இதெல்லாம் சாமானிய மக்களை ஏமாற்றும் வேலை என்றும் அவர் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. நாற்பது ஆண்டுகள் நானும் அதே கட்சியில் இருந்தவன்தான். ஆனால் அரைமணி நேரத்தில் அறுபது படங்களைப் பார்த்து முடித்துவிட்டதாக அவர் போகிற போக்கில் சொல்லியிருந்த கணக்கு மட்டும் என் மனத்தில் தங்கிவிட்டது. அப்படியானால் படத்துக்கு அரை நிமிடம். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்து போன நேரத்தையும் அதிலேதான் கழிக்க வேண்டும்.

இது அவர் ஒருவருடைய அவசரம் அல்ல. நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில், பெயர்பெற்ற ஓவியங்களின் முன்னே மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்து, 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு படத்துக்குச் சராசரியாக 27 வினாடி என்று வந்தது. பாதிப் பேர் 17 வினாடிக்குள்ளேயே நகர்ந்துவிட்டிருந்தார்கள். விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் படங்களுக்கே அதுதான் கதி. டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கும் படத்துக்கு அரை நிமிடம் கிடைத்ததே பெரிது என்றுகூடச் சொல்லலாம்.

நான் ஓவியன் அல்லன். சென்னிமலையில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கும், பிற்பாடு சில தனியார் தறிக்கூடங்களுக்கும், போர்வை, திரைச்சீலை, தலையணை உறை ஆகியவற்றுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவன். டிசைன் போடுவது என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் சற்று விளக்கிவிடுகிறேன். கிராப் தாளில் நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு நூல், அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூல். கிடை வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல். எந்த ஊடை ஓடும்போது எந்தப் பாவு நூலை மேலே தூக்க வேண்டுமோ அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். பிறகு கிடை வரிசைக்கு ஓர் அட்டை வீதம் துளை குத்தி, அவற்றை வரிசை மாறாமல் கோத்து, துளைகளின்படி பாவு நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். நானூறு வரிசைப் பூவேலைக்கு நானூறு அட்டை. அதில் ஒரே ஒரு துளை பிசகினாலும் போர்வை நெடுகப் பூவுக்குப் பூ அதே இடத்தில் பல் விழுந்ததுபோல் இளிக்கும்.

ஆகவே அட்டை குத்தக் கொடுப்பதற்கு முன்னால், வரைந்து முடித்த தாளைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, ஒரு முழுப் பொழுது அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதையும் தேடமாட்டேன், தேடுகிற கண்ணுக்குப் பிழை அகப்படாது என்பது என் அனுபவம். பார்த்துக்கொண்டே இருந்தால், ஊடை நூல் கட்டு இல்லாமல் நீளமாக மிதந்து, நாளைக்கு யாருடைய கால்விரலிலோ மாட்டிக்கொள்ளப் போகிற இடம் தானாகவே எழுந்து வரும். சம்பளத்துக்கு உட்கார்ந்து தூங்குகிறான் என்று புதிதாக வந்த மேலாளர் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னதும் உண்டு. இவ்வளவு பொறுமையாகப் பார்க்கப் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு, ஓவியம் என்று வந்தால் மட்டும் நானும் அரை நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தேனே, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் கண் திறந்தது 2020 ஊரடங்கின்போது. தறிகள் எல்லாம் நின்று, ஊரே ஓசையில்லாமல் கிடந்த நாட்கள் அவை. கோவையில் இருக்கும் என் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கட்டம் கட்டமாகக் கோடுகள், அவற்றுக்குள் பொடிப்பொடியாக எழுத்துகள், ஓரங்களில் முக்கோணங்கள், மீனோ பாம்போ என்று தீர்மானிக்க முடியாத சிறு உருவங்கள். "யாரோட ஜாதகம் சாமி இது?" என்று கேட்டேன். "ஜாதகம் இல்லீங்கப்பா, ஓவியம். பத்து நிமிசம் பாத்துப்போட்டு அப்புறம் பேசுங்க" என்று பதில் வந்தது.

வேறு வேலை இல்லாததால் பார்த்தேன். முதலில் எழுத்துகளைப் படிக்க முயன்றேன். தமிழ் இல்லை. மலையாளமாக இருக்கும் என்று நினைத்து, பாலக்காட்டில் பெண் எடுத்த நண்பருக்கு அனுப்பினேன். மலையாளம் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சொல்லும் கூடவில்லை என்றார். அப்புறம்தான் அவை எந்த மொழியின் எழுத்தும் அல்ல, எழுத்தின் சாயல் மட்டுமே கொண்ட கோடுகள் என்பது உறைத்தது. படிக்கும் முயற்சியைக் கைவிட்ட அந்த நிமிடத்திலிருந்து படம் வேறொன்றாகிவிட்டது. எங்கே கோடுகள் நெருக்கமாக விழுந்து துணி கனக்கிறது, எங்கே விட்டுப்போய் மூச்சு விடுகிறது, ஓர் ஓரத்தில் வைத்த சிறிய சிவப்பு எதிர் ஓரத்து வெறுமையை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்றெல்லாம் கண் தானாகப் போய் மேய ஆரம்பித்தது. கிராப் தாளைப் பார்த்த பழைய கண் அது. பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவன் எழுந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

அந்தப் படத்தை வரைந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்; மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். படம் விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அந்த ஓவியர்கள் தங்கள் ஊரை நிலைநிறுத்தினார்கள் என்பது துணியில் பிழைத்த எனக்குத் தனி மகிழ்ச்சி தந்த செய்தி. நான் பார்த்த படம், 1963-இலிருந்து அவர் வரையத் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைச் சேர்ந்தது. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டில் இருந்த எண்களும் வடிவங்களும் கண்ணுக்குத் தந்த கிளர்ச்சியே அதற்கு வித்து என்கிறார்கள். இவையெல்லாம் மகள் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டவை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் அவள் சொன்ன தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: பணிக்கர் 1911-இல் பிறந்தது கோயம்புத்தூரில். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் தனிக் காட்சிக்கூடமே இருக்கிறது. பிறந்த ஊரில் பஸ் நிலையத்தில் நின்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

மகள் சொன்ன முறை அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர், ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணிநேரம் உட்கார வேண்டும் என்பதைத் தம் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியவர். ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் வரைந்த ஒரு படத்தை அவரே அப்படிப் பார்த்திருக்கிறார். சிறுவன் ஒருவன் பறக்கும் அணிலைச் சங்கிலியில் கட்டிக் கையில் பிடித்திருக்கும் படம். சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்று மயிர் விளிம்பும் ஒரே வடிவத்தில் இருப்பது தெரிய அவருக்கு 9 நிமிடம் ஆனதாம். சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு இடையிலான அகலமும், கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் வாயகலமும் ஒன்றே என்பது தெரிய 21 நிமிடம். ஓவியங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கே இத்தனை நேரம் பிடித்திருக்கிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபத்துக்குப் போனவர்கள், யானையை உரித்துப் போர்த்திய மூர்த்தியின் முன்னும், கல்லிலேயே செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியின் கீழும் கழுத்து வலிக்க நின்றிருப்பார்கள். யாரும் அங்கே புரியவில்லை என்று சொல்வதில்லை. தாத்தாவோ அப்பச்சியோ பக்கத்தில் நின்று, அங்கே பார், இங்கே பார் என்று விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள். தற்காலக் கலைக்கு அப்படி விரல் நீட்ட வீட்டில் ஆள் இல்லை. அந்தக் குறையைக் கைப்பேசி ஓரளவு தீர்க்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஊரடங்கு முடிந்த பின்பு, தெரிந்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் ஒரே ஒரு படத்தை அனுப்புவார். கூடவே வரைந்தவர் அல்லது செய்தவர் பெயர், ஆண்டு, என்ன பொருளால் ஆனது, அளவு என்ன என்ற நான்கு விவரம் மட்டும். ஞாயிறு காலை வரை யாரும் எதுவும் எழுதக்கூடாது. அதன் பிறகு அவரவர் கண்ணில் பட்டதை எழுதலாம். ‘அருமை’ என்ற சொல்லுக்கும் கட்டை விரலுக்கும் தடை. இந்தத் தடையை மீறுகிறவர் அடுத்த சந்திப்பில் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதுவரை அதிகம் செலவழித்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான். மற்றவர்களில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருபது ஆண்டுகளாக நிற்கும் அம்மையார். ஒருவர் சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்து எழுத்து எழுதுபவர்.

ஒரு வெள்ளிக்கிழமை நஸ்ரீன் மொகமதி என்ற ஓவியரின் கோட்டோவியம் ஒன்று வந்தது. தலைப்பு கிடையாது, அவர் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் தேதியும் இடவில்லை. தாளில் மையாலும் பென்சிலாலும் இழுத்த கோடுகள், அவ்வளவுதான். இதைக் கோடு போட்ட நோட்டு என்று சொல்லிவிட்டுப் போகத் தமிழாசிரியருக்கு ஆசையாக இருந்திருக்கிறது. டீச் செலவை நினைத்து அடக்கிக்கொண்டார். எனக்கு அது தறியில் ஏற்றிய பாவு. அம்மையார் ஞாயிற்றுக்கிழமை எழுதியது இது: "மேலிருந்து எண்ணீட்டு வந்தா ஒரு எடத்துல கோடு மெலியுதுங்க. அதுக்குக் கீழ எடவெளி ஒரு நூலளவு கூடுது. தப்புன்னு நெனச்சு மறுபடியும் எண்ணுனேன். தப்பு இல்லீங்க, வேணும்னே பண்ணிருக்காங்க." நானும் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த ஒரு நூலளவுதான் படம் முழுவதையும் ஒருபுறமாகச் சரிந்து ஓடவைக்கிறது. பிழைக்கும் வேண்டுமென்று செய்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது அந்த அம்மையாரின் அன்றாடத் தொழில். ஒரு துண்டு துணிக்கு அவருக்குக் கிடைப்பது சில வினாடிதான் என்றாலும், இருபது வருடம் சேர்த்து வைத்த வினாடிகள் அவை.

நஸ்ரீன் 1937-இல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்து, 1990-இல் மறைந்தவர். உடலசைவு கட்டுக்குள் நில்லாமல் போகும் நரம்பு நோய் கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியிருக்கிறது. அந்தக் கையோடுதான் மயிரிழை பிசகாத கோடுகளை இழுத்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் எல்லாரும் அந்தக் கோடுகளைப் பார்த்திருக்க மாட்டோம், நோயைத்தான் பார்த்திருப்போம். அதனால்தான் வாழ்க்கைக் கதையை ஞாயிறு மாலைக்கு ஒத்திவைக்கிறோம். 2016-இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தற்காலக் கலைக்கென்று நியூயார்க்கில் புதிய கிளை திறந்தபோது, முதல் கண்காட்சிகளில் ஒன்றாக வைத்தது இவருடைய கோடுகளைத்தான்.

லாரிப் பெயிண்டருக்கு உரிய வாரம் ஷீலா கௌடாவின் படைப்பு வந்தபோது வாய்த்தது. கர்நாடகத்துப் பத்ராவதியில் 1957-இல் பிறந்து பெங்களூருவில் வாழும் கலைஞர் இவர். ‘காண்க’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்புடைய அந்தப் படைப்பை 2009-இல் செய்தார். கார்களின் எஃகு பம்பர்கள் சுவரில் தொங்க, அவற்றைச் சுற்றியும் தரையில் குவிந்தும் கன்னங்கரேலென்று கயிறு. லண்டனில் உள்ள டேட் அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது. கைப்பேசியில் பார்த்தபோது எனக்கு அது ஒயர் குப்பையாகத்தான் தோன்றியது. பெயிண்டர் மட்டும், "இது வண்டிக்குக் கட்டுற திருஷ்டிக் கயிறுங்க. முடிக் கயிறு" என்று எழுதினார். அதுவேதான். கோயில்களில் காணிக்கையாகச் சிரைத்த முடியில் நீளமானது டோப்பாவுக்கு விலைபோய்விட, குட்டையானதைத் திரித்துக் கயிறாக்கி, கண்ணேறு படாமல் இருக்க வண்டி பம்பரில் கட்டுகிறார்கள். அந்தக் கயிற்றில் 4,000 மீட்டரை அவர் பயன்படுத்தியிருக்கிறார். பழனிக்கு முடி கொடுக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? இந்தத் தகவலோடு மறுபடியும் பார்த்தபோது, அந்தக் கறுப்புக் குவியலில் எத்தனை தலைகள், எத்தனை வேண்டுதல்கள் என்று நினைத்து உடம்பு சிலிர்த்துவிட்டது. பம்பரின் பளபளப்பு அதன்மேல் ஒன்றும் அறியாததுபோலத் தொங்குகிறது. கலை விமர்சகர் யாரும் எங்களுக்கு இதை விளக்கவில்லை. லாரிப் பட்டறையில் நிற்கிற மனிதர் விளக்கினார். பகிர்ந்து பார்ப்பதில் உள்ள லாபம் இதுதான் என்று நான் எண்ணுகிறேன். ஒருவர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது, பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தினமும் கையில் தொடும் பொருளாக இருந்துவிடுகிறது.

ஆனால் கைப்பேசியை நான் ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டால் அது பொய்யாகிவிடும். நான்கு கிலோமீட்டர் நீளக் கயிறும் நான்கு அங்குலத் தாளும் அதில் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்கா நகரில் வாழ்ந்து படைத்த எல் அனட்சுயி, மது பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் இணைத்துச் சுவரளவு விரிப்புகளாகத் தொங்கவிடுகிறார். அதை முதன்முதலாகத் திரையில் பார்த்தவுடன் நல்ல ஜரிகைத் துணி என்றே நான் முடிவு கட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மூடிகள் தெரிந்தன. பெரிதாக்கினாலோ மொத்தத் துணி மறைந்துபோனது. நேரில் நிற்பவன் இரண்டடி பின்னே போய் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பான். ஆகவேதான் அளவையும் பொருளையும் எழுதாமல் படம் அனுப்பக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

இன்னொரு பிடிவாதம் பெயரைப் பற்றியது. பகிரப் பகிர முதலில் உதிர்வது பெயர்தான். நான்காவது கைக்குப் போகும்போது ஓவியம் ‘இன்றைய சிந்தனை’க்குப் பின்னணியாகிவிடுகிறது. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். நான் மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட கட்டம் ஒன்று, நடுவில் வைரம் போல மடிந்து விரியும். அதை நெய்த போர்வையைப் பின்னாளில் யாரோ படம் பிடித்து அனுப்பி, அது கைமாறிக் கைமாறி, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலில் அவர்களுடைய சொந்த வடிவமைப்பு என்ற பெயரில் வந்து நின்றது. கேட்டதற்கு, இணையத்தில் கிடந்தது என்றார்கள். கிடந்தது! ரோட்டில் கிடந்த செருப்பா அது? போர்வையில் பெயர் நெய்யும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை என்பதால் அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. படம் அனுப்பும் ஒவ்வொருவரும் பெயரையும் சேர்த்து அனுப்புவதற்கு விரல் நுனியில் பத்து வினாடி போதும்.

திரையில் பழகியபின் நேரில் பார்க்க ஆசை வருவது இயல்பு. நமக்கு அதற்குத் தடையும் இல்லை. காலையில் கோவையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கலைவிழா அங்கேதான் பழைய கிடங்குகளில் நடக்கிறது. மகள் என்னை வலுக்கட்டாயமாக 2014-இல் தொடங்கிய இரண்டாவது பதிப்புக்கு இழுத்துப் போனாள்; அப்போது நான் இன்னும் பழைய கட்சிக்காரன். கடலைப் பார்த்த ஓர் அறையின் தரையில், சிற்பி அனிஷ் கபூர் செய்த நீர்ச்சுழி ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. கறுத்த நீர் நடுவில் குழிந்து, எங்கே போகிறது என்று தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூட்டம் வந்தது, படம் பிடித்தது, போனது. நானும் போயிருப்பேன். பக்கத்தில் நின்றிருந்த காங்கேயத்துக்காரர் ஒருவர், என் பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எங்க தோட்டத்துக் கெணத்துல தண்ணி இருந்த காலத்துல எட்டிப் பாத்தா இப்படித்தானுங்க வயித்தக் கலக்கும்." ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் புழுதி பறக்கிற ஊர்க்காரர்கள் இரண்டு பேர், வேறொன்றும் பேசாமல், அந்தத் தண்ணீரைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று அதைக் கலை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கால்மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

மெதுவாகப் பார்த்தால் எல்லாமே உயர்ந்ததாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செக்கிங் மேசையில் உற்றுப் பார்ப்பது நல்ல துணியைப் பாராட்டுவதற்காக அல்ல. எங்கள் எட்டுப் பேரும் இரண்டு நாள் பார்த்தும் ஒருவருக்கும் எழுத ஒரு வரி அகப்படாத படங்கள் உண்டு. வெறும் பளபளப்பு, வெறும் அளவுப் பெரிதாக்கல், பக்கத்தில் ஒட்டிய நீண்ட விளக்கத்தை உரித்து எடுத்துவிட்டால் நிற்க முடியாமல் விழுந்துவிடுகிற படைப்புகள். அவற்றை ஏமாற்று வேலை என்று அந்த வாசகர் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன். அரைமணி நேரத்தில் அறுபதையும் ஒரே கட்டாகக் கட்டிக் கழிவில் போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அவரைப் போல் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் உருவாக்கியது என்பதால், துணிக்காரர்களாகிய நமக்கு அங்கே அந்நியமாக உணரக் காரணமில்லை. உக்கடத்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் தீட்டியிருக்கும் பெரிய ஓவியங்களுக்கு நுழைவுச்சீட்டும் வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் இல்லை. பஸ்ஸில் போகும்போது பார்க்காமல், இறங்கி எதிர்ப்புறம் நின்று பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ராசிபலனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதைக் குறைக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, வீட்டில் அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். வேறு ஏதேனும் பக்கத்தில் பாதியை, வாரம் ஒரு தற்காலக் கலைப்படைப்புக்குத் தாருங்கள். உரியவர்களிடம் அனுமதி பெற்று, கலைஞரின் பெயர், ஆண்டு, பொருள், அளவு, நேரில் எங்கே பார்க்கலாம் என்பது ஆகியவற்றை மட்டும் தமிழில் அச்சிடுங்கள். அளவை அடிக்கணக்கில் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். விளக்கம் அந்த வாரம் வேண்டாம். வாசகர்கள் தாங்கள் பார்த்ததை எழுதி அனுப்பட்டும். அவற்றில் ஐந்தாறைத் தேர்ந்து, கலைஞரைப் பற்றிய குறிப்போடு அடுத்த வாரம் வெளியிடுங்கள். முதல் படமாகக் கோயம்புத்தூரில் பிறந்தவருடைய படம் ஒன்றை வைத்தால் பொருத்தமாக இருக்கும். சென்ற வாரம் எழுதிய வாசகரும் அதைப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுத வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

அச்சகத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தாள் மடியும் கோடு படத்தின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தறி வடிவமைப்பாளர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.